பாதி அட்டை

டமார்!

பாதி இறக்கியிருந்த ஷட்டரை யாரோ வெளியிலிருந்து உதைத்தார்கள். சாப்பாட்டு நேரம். மெஷின்கள் நின்று அச்சகமே அமைதியாக இருந்தது. அந்தச் சத்தத்தில் கட்டிங் மெஷின்காரர் கையிலிருந்த தண்ணீரைத் தன் சட்டை மேலேயே கொட்டிக்கொண்டார். இருபது வருடமாகக் காகிதம் வெட்டுகிறவர். அவரை எல்லோரும் ‘கத்தி’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

“யார்யா அது, ஊர்ல பெல்லே கண்டுபிடிக்காத மாதிரி?” என்று கத்தினார் கத்தி.

ஷட்டருக்குக் கீழே குனிந்து ஒரு ஆள் உள்ளே வந்தார். சாம்பல் நிறச் சீருடை, மார்பில் லிஃப்ட் கம்பெனி முத்திரை, நகக்கண்களில் கிரீஸ். பல நாள் சவரம் செய்யாத முகம்.

“இதை அடிச்சது நீங்கதானே? பின்னாடி உங்க விலாசம்தான் போட்டிருக்கு.”

மேஜை மேல் ஒரு அட்டையை வைத்தார். சீட்டுக்கட்டு அளவு. மூலைகள் வளைவாக வெட்டப்பட்டு, கீழே ஒரு நீலப் பூ. வாக்குத்தத்த அட்டை. பைபிளில் கடவுள் சொன்ன உறுதிமொழிகளை ஒவ்வொன்றாக அச்சடித்து ஒரு பெட்டியில் போட்டு, சர்ச் சபைக்காரர்கள் ஆஸ்பத்திரிகளில் நீட்டுவார்கள். கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். எடுத்தது எடுத்தவருக்கான வார்த்தை. போன மாதம்தான் நூறு விதமான அட்டைகள், விதத்துக்கு ஐந்நூறு என்று இங்கே அடித்துக் கொடுத்திருந்தார்கள்.

மூலை மேஜையிலிருந்து புரூஃப் அக்கா எழுந்து வந்தார். இந்த அச்சகத்திலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு எழுத்தும் அவர் கண்ணைத் தாண்டித்தான் போக வேண்டும். கழுத்துக் கயிற்றில் தொங்கிய கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டையைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“இதுல என்னங்க குறை? எவ்வளவு ஆறுதலான வசனம்!”

“ஆறுதலா? சத்தமாப் படிங்க, கேட்போம்.”

“‘ஒரு சிறு பொழுது உன்னைக் கைவிட்டேன், ஆனாலும் மிகுந்த இரக்கத்தோடு உன்னைத் திரும்பச் சேர்த்துக்கொள்வேன்.’”

“அந்த ரெண்டாவது பாதி எங்கம்மா இருக்கு? விரலை வெச்சுக் காட்டுங்க.”

அக்கா விரலை வைத்தார். விரல் நீலப் பூவின் மேல் போய் நின்றது. அட்டையைத் திருப்பினார். பின்பக்கம் விலாசம் மட்டும். மறுபடி முன்பக்கம். ‘ஒரு சிறு பொழுது உன்னைக் கைவிட்டேன்’ என்று இருந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. வெறும் பூ.

கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார்.

அதற்குள் கண்ணாடி அறையிலிருந்து முதலாளி கை கழுவாமலேயே வந்துவிட்டார். அட்டையை எட்டிப் பார்த்தார். “சரியாத்தானே இருக்கு? ‘உன்னைக் கைவிட்டேன், ஆனாலும் மிகுந்த இரக்கத்தோடு…’”

“நீங்களுமா?” என்றார் லிஃப்ட் மெக்கானிக்.

“நான் பார்த்தேன், அக்கா பார்த்தாங்க, போதகர் ரெண்டு தடவை பார்த்தாரு! என் மாமியார்கூட பார்த்தாங்க. அவங்க கண்ணுல என் தப்பு ஒண்ணுகூட இதுவரைக்கும் தப்பினதில்லை!”

“எல்லாருக்கும் மனப்பாடம் முதலாளி,” என்றார் கத்தி. “அதான் வினை. எனக்கு ஒரு வசனமும் தெரியாது. என்கிட்ட காட்டியிருந்தா ‘மீதி எங்க’ன்னு கேட்டிருப்பேன். என்னை யாரு மதிச்சாங்க?”

அவர் சொன்னதுதான் நடந்திருந்தது. வசனம் கட்டத்துக்குள் அடங்காமல் கம்ப்யூட்டரில் மீதி வரிகள் மறைந்துபோயிருக்கின்றன. பிழை பார்க்க வேண்டியவர்கள் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் பரிசு வாங்கியவர்கள். கண் பாதியில் நின்றாலும் மனசு முடிவுவரை ஓடிவிட்டது. கல்யாணப் பத்திரிகையில் ஒரு புள்ளி விட்டாலும் பிடித்துவிடும் அக்கா, தெரியாத வசனமாக இருந்தால் இதையும் பிடித்திருப்பார்.

“தப்புதாங்க. ரொம்பப் பெரிய தப்பு,” என்றார் அக்கா. “இது யார் கைக்கு வந்துச்சு?”

மெக்கானிக் ஸ்டூலில் உட்கார்ந்தார். உதைத்துக்கொண்டு வந்த வேகம் எல்லாம் வடிந்துபோயிருந்தது.

“என் சம்சாரம் கைக்கு. எங்களுக்கு ஒரே பொண்ணு. எட்டு வயசு. வாலுன்னுதான் கூப்பிடுவோம், அவ பண்ற சேட்டைக்கு. மூளைக் காய்ச்சல். பன்னிரண்டு நாளா கண்ணைத் திறக்கலை. தூங்க மருந்து கொடுத்து மெஷின்ல மூச்சு விட வெச்சிருக்காங்க. இன்னிக்கு நாலு மணிக்கு அந்த மருந்தை நிறுத்திப் பார்க்கப் போறாங்க. அம்மா பக்கத்துல நின்னு பேர் சொல்லிக் கூப்பிடணுமாம். பழகின குரலுக்குத்தான் அது அசையும்ங்கறாரு டாக்டர்.”

“நல்லதுங்களே…”

“என்ன நல்லது? அவ உள்ள போக மாட்டேங்கறா! நேத்து சாயந்திரம் சபைக்காரங்க பெட்டியை நீட்டினாங்க. இதை எடுத்தா. அதுலேர்ந்து சோறு இல்லை, தண்ணி இல்லை. ‘என்னைக் கைவிட்டாச்சு. நான் கூப்பிட்டா எழற பொண்ணும் எழ மாட்டா. நீங்க போங்க’ங்கறா. காலையில மருந்தைக் கொஞ்சம் குறைச்சப்ப நான் உள்ள போய்க் கூப்பிட்டேன். அது அசையலை.” விரல்களைப் பார்த்துக்கொண்டார். “எந்த லிஃப்ட் எந்த மாடியில நின்னாலும் நான் ஓட வெச்சிருவேன். என் பொண்ணு மேல பதினாலு வயர் ஓடுது. ஒண்ணைத் தொட விட மாட்டேங்கறாங்க. எனக்கு வேற என்ன தெரியும்? அட்டையைப் பார்த்தேன், கடைசியில முற்றுப்புள்ளிகூட இல்லை. அவ தூங்கின நேரம் பார்த்துக் கையிலேர்ந்து உருவிட்டு வந்தேன். ஏதோ விட்டுப்போயிருக்குன்னு மட்டும் தோணுச்சு.”

சுவர்க் கடிகாரம் இரண்டு இருபது காட்டியது.

“முழு வசனத்தையும் இப்பவே அடிச்சுத் தர்றேன்,” என்றார் அக்கா. “நானே வந்து கொடுத்து, மன்னிப்பும் கேட்கிறேன்.”

சாப்பிடப் போயிருந்த டிசைனரின் கம்ப்யூட்டரை முதலாளி தானே உயிர்ப்பித்தார். எழுத்தைச் சிறிதாக்கினார். பூ காணாமல் போனது. வசனம் முழுதாக நின்றது. அதே கெட்டி அட்டையில் ஒரே ஒரு பிரதி வந்தது. கத்தி அதைத் தன் பெரிய மெஷினுக்குள் வைத்தார்.

“ஆயிரம் தாளை ஒரே வெட்டா வெட்டற யானை இது. ஒத்தைச் சீட்டுக்காக எழுப்பறேன்,” என்று முணுமுணுத்தார். ஆனால் வழக்கமாக ஒரு முறை அளப்பவர், அன்று மூன்று முறை அளந்தார்.

“இது யாரு, எப்ப, யாருக்குச் சொன்னதும்மா?” என்று மெக்கானிக் கேட்டார். “நான் ஞாயித்துக்கிழமை ஆளு இல்லை. அவதான் போவா.”

“பழைய எபிரெயத் தீர்க்கதரிசி ஒருத்தர் சொன்னதுங்க. ஊரை எதிரிங்க எரிச்சுட்டாங்க. கோயிலும் போச்சு. ஜனங்களைப் பிடிச்சு அந்நிய நாட்டுக்குக் கொண்டுபோயிட்டாங்க. ‘கடவுள் நம்மளை மறந்துட்டார்’னு உட்கார்ந்திருந்தவங்களுக்கு வந்த வார்த்தை. கோபம் ஒரு கணம்தான், கிருபை என்னைக்கும் இருக்கும்னு அர்த்தம்.”

“ஒரு கணம்னா எவ்வளவு நேரம்? எங்களுக்குப் பன்னிரண்டு நாள் ஆச்சு.”

அக்கா தயங்கினார். “அவங்க… எழுபது வருஷம் அங்க இருந்தாங்க.”

“எழுபது வருஷத்தையா ஒரு கணம்னாரு?”

ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் யாரும் இப்படிக் கேட்டதில்லை. கேட்டால் சொல்வதற்கு அக்காவிடம் நான்கு பதில்கள் உண்டு. கிருபைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கணம்தான் என்று சொல்லலாம். பதினாலு வயர்களுக்குப் பக்கத்தில் வைத்து அதை எப்படிச் சொல்வது?

மிச்சப் பிரதிகள் இருந்த அலமாரியைத் திறந்தார். நூறு அட்டைகளில் ஒரு தாய்க்கு இதைவிட நல்லது இருக்காது என்று ஒன்றைத் தேடி எடுத்தார். புது அட்டையோடு சேர்த்து ஒரு உறையில் போட்டுக்கொண்டார். பாதி அட்டையை மெக்கானிக் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“அக்கா,” என்றார் முதலாளி, வழக்கமில்லாத தணிந்த குரலில். “மீதி நானூத்துத் தொண்ணூத்தொன்பது அட்டை யார் யார் கையில இருக்கோ…”

“அதை இப்ப சொல்லாதீங்க முதலாளி. எனக்கு நடக்கக் கால் வேணும்.”

*

ஆஸ்பத்திரியின் லிஃப்ட் நான்காவது மாடிக்கு முனகிக்கொண்டு ஏறியது. “பேரிங் போயிருக்கு,” என்றார் மெக்கானிக், யாரிடமும் இல்லாமல். “ஒரு மணி நேர வேலை.”

தீவிர சிகிச்சைப் பிரிவின் வெளியே நீளமான நடைபாதை. சுவரோடு திருகிவைத்த பிளாஸ்டிக் நாற்காலிகள். கடைசி நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். மடியில் ஒரு சின்ன ஸ்வெட்டர். பக்கத்தில் பிரிக்காத சாப்பாட்டுப் பொட்டலம்.

கடிகாரம் மூன்று ஐம்பது.

“என் அட்டையை எடுத்துட்டுப் போனீங்களா?” என்றாள் கணவனைப் பார்த்ததும். கோபமில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டும்.

அவர் அதைத் திருப்பிக் கொடுத்தார். “இவங்கதான் அதை அடிச்ச அச்சகத்துல பிழை பார்க்கறவங்க. பாதி விட்டுப்போச்சாம்.”

அக்கா அவள் முன்னால் குனிந்தார். “என் தப்பும்மா. பெரியவளா இருந்துக்கிட்டு கண்ணைத் திறந்துபார்க்காம விட்டுட்டேன். முழு வசனம் இதுதான்.”

அவள் புது அட்டையை வாங்கினாள். ஆனால் பார்க்கவில்லை.

“மீதி எனக்கும் தெரியும்க்கா. மனப்பாடம். பத்து வயசுல இதுக்குப் பேனா பரிசு வாங்கியிருக்கேன்.”

மெக்கானிக்கும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவ்வளவு தூரம் ஓடி, அவ்வளவு அவசரமாக வெட்டிக்கொண்டு வந்த மருந்து நோயாளியின் கையில் முன்பே இருந்திருக்கிறது!

“தெரிஞ்சுமா இப்படி உட்கார்ந்திருக்கே?” என்றார் அவர்.

“தெரிஞ்சதாலதான். பெட்டியில நூறு அட்டை. தொண்ணூத்தொன்பது முழுசு. ஒண்ணு மட்டும் பாதி. அது ஏன் என் கைக்கு வரணும்? ‘உனக்கு இவ்வளவுதான், மீதி மத்தவங்களுக்கு’ன்னுதானே அர்த்தம்?”

“அதைக் கடவுள் வெட்டலைம்மா,” என்றார் அக்கா. “கம்ப்யூட்டர் விழுங்கிச்சு. நான் கவனிக்கலை.”

“உங்க கண்ணை யாரு மறைச்சது?”

இருபத்தாறு வருடத் தொழிலில் அக்காவைத் திட்டியவர்கள் உண்டு. இப்படி யாரும் மடக்கியதில்லை. “உனக்கு மட்டும் இல்லம்மா, ஐந்நூறு பேருக்கு இப்படிப் போயிருக்கு” என்று உளறினார். சொன்ன பிறகுதான் அது ஆறுதலா, மிரட்டலா என்று அவருக்கே சந்தேகம் வந்தது.

கை உறையைத் தடவியது. இன்னொரு அட்டை இருக்கிறதே! ஒரு தாய்க்கென்று தேடி எடுத்த அட்டை. “இதையாவது பாரும்மா. அதே தீர்க்கதரிசி சொன்னதுதான்.”

அவள் வாங்கிப் படித்தாள்.

தன் வயிற்றில் பிறந்த பாலகனை ஒரு தாய் மறப்பாளா? அவளே மறந்தாலும் நான் உன்னை மறப்பதில்லை.

எட்டிப் படித்த மெக்கானிக் சட்டென்று கையை நீட்டி அட்டையைப் பறிக்கப் பார்த்தார். “இதையா கொண்டுவந்தீங்க?” என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. “நூறுல இதுதான் கிடைச்சுதா?”

அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. எதையோ மிதித்துவிட்டோம் என்பது மட்டும் புரிந்தது.

“விடுங்க. அவங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றாள் அந்தப் பெண். பிறகு அக்காவைப் பார்த்தாள். “வாலுவுக்குப் பத்து மாசம் இருக்கும்போது நான் அவளை விட்டுட்டுப் போயிட்டேன்க்கா.”

“வேண்டாம், இப்ப எதுக்கு…” என்றார் அவர்.

“சொல்லிடறேன். பிரசவத்துக்கு அப்புறம் என் மனசு என்கிட்ட இல்லை. குழந்தை அழுதா எனக்கு இரும்புல இரும்பு உரசற மாதிரி இருக்கும். ஒருநாள் அவளைத் தொட்டில்ல போட்டேன், கதவைச் சாத்தினேன், பஸ் ஏறிட்டேன். வேற ஊர்ல ஒரு தையல் கம்பெனி. ஏழு மாசம். எந்த ஊருன்னு இவருக்குக்கூடச் சொல்லலை. இவர் தோள்ல குழந்தையைக் கட்டிக்கிட்டு லிஃப்ட் ரிப்பேர் பண்ணினாரு.”

“நல்லாத்தான் பண்ணினேன்,” என்றார் மெக்கானிக், தரையைப் பார்த்து. “அது ஸ்பேனரைக் கடிச்சுக்கிட்டே வளர்ந்துச்சு.”

அவள் உதடு கொஞ்சம் அசைந்தது. சிரிப்பு என்று சொல்ல முடியாது.

“இந்த அட்டையில ‘அவளே மறந்தாலும்’னு போட்டிருக்கு பாருங்க. அப்படியும் அம்மா இருப்பான்னு கடவுளுக்குத் தெரிஞ்சிருக்கு. என்னைத்தான் எழுதி வெச்சிருக்கார். நேத்து அட்டையில ‘கைவிட்டேன்’. இன்னிக்கு இது. இன்னும் எதுக்கு நான் உள்ள போகணும்? எந்த வாயால அவளைக் கூப்பிடணும்?”

‘ஆனாலும்’ என்று தொடங்கும் நூறு வசனங்கள் அக்காவுக்குத் தெரியும். அந்த ஒரு சொல்லுக்கு முன்னால் வருவதை எல்லாம் இத்தனை வருடமும் அவசரமாகத் தாண்டிப் போயிருக்கிறோம் என்று அப்போதுதான் தோன்றியது. எரிந்த ஊரும், சிறைப்பட்டுப்போன ஜனங்களும், எழுபது வருடங்களும் அவருக்கு ஒரு மூச்சில் சொல்லி முடிக்கிற முன்கதை. இவள் அந்த முன்கதைக்குள் உட்கார்ந்திருக்கிறாள். வெளியே நிற்பவர் எதைச் சொல்லி அழைப்பது?

கண்ணாடிக் கதவு திறந்தது. பச்சை உடையில் நர்ஸ்.

“எட்டு வயசுப் பாப்பாவோட அம்மா யாரு? மருந்தை நிறுத்தியாச்சு. கை கழுவிட்டு உள்ள வாங்க.”

அவள் அசையவில்லை.

“அம்மா, உங்களைத்தான். டாக்டர் வெயிட் பண்றாரு.”

“நான் வேணா வரேன் சிஸ்டர்,” என்றார் மெக்கானிக்.

“உங்களைக் காலையிலயே பார்த்தாச்சு சார். ஒருத்தர்தான் வரலாம், அதுவும் அம்மா வந்தா நல்லதுன்னாரு. அஞ்சு நிமிஷம் பார்ப்பேன். அப்புறம் நான் ஒண்ணும் பண்ண முடியாது.” கதவு மூடிக்கொண்டது.

அவர் மனைவியின் முன்னால் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். சீருடைக் கால்கள் இரண்டும் நடைபாதையில் நீண்டு கிடந்தன. “உன் காலைப் பிடிச்சுக் கேட்கிறேன்” என்றார். காலைப் பிடிக்கவும் செய்தார். அவள் அந்தக் கைகளைப் பார்த்தாளே தவிர எழுந்திருக்கவில்லை.

ஒரு நிமிடம் போனது. இரண்டு நிமிடம்.

அக்கா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஜெபம் செய்யலாமா என்று நினைத்தார். ‘ஆண்டவரே’ என்பதற்கு மேல் வார்த்தை வரவில்லை. தெரியாத பாடத்தைக் கேட்கும் மாணவியைப்போல, மெதுவாக ஒரு கேள்விதான் வந்தது.

“நீ திரும்பி வந்தியேம்மா. வந்ததும் குழந்தைகிட்ட என்ன சொன்னே?”

“அப்ப அதுக்கு என்ன தெரியும்? ஒண்ணரை வயசு. என்னைப் பார்த்துட்டு யாரோன்னு அழுதுச்சு.”

“அப்புறம் எப்பவாவது சொன்னியா?”

அவள் கையில் இருந்த மூன்று அட்டைகளையும் பார்த்தாள். முழு அட்டையையும், தாயைப் பற்றிய அட்டையையும் நாற்காலியில் வைத்தாள். பாதி அட்டையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, ‘கைவிட்டேன்’ என்ற சொல்லின் மேல் கட்டைவிரலை ஓட்டினாள். எழுத்து பெயர்கிறதா என்று பார்ப்பவள் மாதிரி, ஒருமுறை, இன்னொருமுறை.

“ஆறு வயசுல அவளே கேட்டா,” என்றாள். “இவரோட பழைய போட்டோ எல்லாம் எடுத்துப் பரப்பி வெச்சிருந்தா. ‘இதுல எல்லாம் அப்பா மட்டும் என்னைத் தூக்கி வெச்சிருக்காரே, நீ எங்கம்மா போனே?’ன்னா. பொய் சொல்லியிருக்கலாம். போட்டோ எடுத்ததே நான்தான்னு சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரலை. பக்கத்துல உட்கார வெச்சு, ‘அம்மா உன்னைக் கொஞ்ச நாள் விட்டுட்டுப் போயிட்டேன்டி’ன்னு சொல்லிட்டேன்.”

“இதை எங்கிட்ட நீ சொல்லவே இல்லையே,” என்றார் மெக்கானிக்.

“அழுவா, அடிப்பா, இனிமே என்கூடப் பேச மாட்டான்னு காத்துக்கிட்டிருந்தேன்.”

“என்ன பண்ணினா?” என்றார் அக்கா.

அவள் எழுந்தாள். ஸ்வெட்டரையும் பாதி அட்டையையும் கணவன் மடியில் வைத்தாள். கதவோரம் இருந்த தொட்டியில் கையை நீட்டினாள். தண்ணீர் விரல்களில் ஓடியது. முழங்கைவரை தேய்த்துக் கழுவினாள். நர்ஸ் கதவைத் திறந்து நீட்டிய பச்சை அங்கியை மாட்டிக்கொண்டாள். உள்ளே ஏதோ ஒரு மெஷின் விட்டு விட்டுச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. கட்டிலின் கால்மாடு மட்டும் தெரிந்தது. போர்வைக்கு வெளியே ஒரு சின்னப் பாதம், அசையாமல்.

வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

“‘பொய் சொல்லாதே, போயிருந்தா நீ எப்படிம்மா என் பக்கத்துல உட்கார்ந்து இதைச் சொல்லுவே?’ன்னு சிரிச்சா, அக்கா.”